பையன் அனுப்பியது மருந்தா என்ன?

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. காலையில் தலை வாரிக்கொள்ள சீப்பை எடுத்தேன். சீப்பு வந்தது. கை வரவில்லை.

தோள் வரைக்கும் ஏறிய கை, அதற்கு மேல் ‘என்னால் ஆகாது’ என்று நின்றுவிட்டது. உன் தலையில் வாருவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வாரா வாரம் இந்தப் பக்கத்தின் மூலையில் என் போட்டோவைப் பார்க்கிறவர்களாயிற்றே! ஆனால் பிரச்சினை தலைமுடி இல்லை. அன்று மத்தியானத்துக்குள் திருப்பதியில் ஒரு டாக்டரம்மா என் கிட்னி பிழைக்குமா என்று பார்க்க ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அதுவும் எந்த டாக்டர்? தோல் டாக்டர்!

படர்தாமரைக்கு வைத்தியம் பார்க்கப் போனவன் கிட்னியை எப்படி அடகு வைத்தேன்? ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். சிரிக்கலாம். நானும் இப்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை — எனக்கு உத்தியோகம் சித்தூர் பஸ் ஸ்டாண்டில். கன்ட்ரோலர். எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது என்று தெலுங்கிலும் தமிழிலும் மைக்கில் சொல்கிறவன். எட்டு மணி நேரம் ரெக்சின் நாற்காலியில் உட்கார்ந்து, காக்கி பேண்ட்டுக்குள் வேகிற வேலை. என் நைனா வெதுருகுப்பம் பக்கத்தில் அடுத்தவன் காட்டில் கடலைக்காய் பிடுங்கினார். என் பையன் சுதாகர் நியூஜெர்சியில் அடுத்தவன் கம்ப்யூட்டரில் ஏதோ பிடுங்குகிறான். நடுத் தலைமுறை நான், மைக்கைப் பிடித்தேன்.

அமெரிக்காவிலிருந்து சுதாகரின் சிநேகிதர்கள் யார் ஊருக்கு வந்தாலும் எங்களுக்கு ஒரு பை வரும். பாதாம், பிஸ்தா, ஷாம்பு, பேனா அளவுக்கு ஒரு டார்ச். கூடவே ஆரஞ்சு நிறத்தில், வெள்ளை மூடி போட்ட ஒரு மாத்திரை டப்பா. போன வருடம் நானும் என் வீட்டுக்காரி சரோஜாவும் மூன்று மாதம் அங்கே போயிருந்தபோது சுதாகர் என்னை ஒரு டாக்டரிடம் காட்டினான். ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்றார் அவர். (பேச்சில்தான் அதிகம் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் சரோஜா.) தினம் ராத்திரி ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். அன்று தொட்டு டப்பா தீரத் தீர அடுத்தது வந்துவிடும். அதை எங்கள் ஷோகேஸில் பாதாமுக்கும் பிஸ்தாவுக்கும் நடுவில் வைத்திருந்தோம். வந்தவர்கள் பார்ப்பதற்குத் தோதாக.

போன தடவை பையில் புதிதாக ஒரு ஐட்டம். ஆறு உள்ளாடைகள். இழுத்தால் கடப்பா வரைக்கும் நீளும், விட்டால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதுவரை கோடு போட்ட பருத்தி பட்டாப்பட்டியில் காற்றோட்டமாக வாழ்ந்த மனிதன் நான். பையன் ஆசையாக அனுப்பியதை எப்படி ஒதுக்குவது? மாட்டினேன்.

நாட்டுக்குள் உலகமயம் எப்படி நுழைந்தது என்று பெரியவர்கள் பல மாதிரி எழுதுகிறார்கள். என் வரைக்கும் அது இடுப்பு வழியாகத்தான் நுழைந்தது.

ஒரே மாதம். அரிப்பு! எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், இது குடும்பப் பத்திரிகை. ஒரு கையில் மைக், இன்னொரு கை… வேண்டாம், விடுங்கள். “காளஹஸ்தி போகும் பயணிகள்…” என்று ஆரம்பித்துவிட்டு, நடுவில் “ஸ்ஸ்ஸ்…” என்று ஒரு இடைவெளி விட்டு, “…மூன்றாவது மேடைக்கு வரவும்” என்று முடிப்பேன். கண்டக்டர் முனிரத்தினம் வந்து கேட்டான்.

“இன்னாண்ணா, மைக்குல பாம்பு கீதா?”

முதலில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கினேன். தடவினால் இரண்டே நாளில் மாயம்! நிறுத்தினால் நாலாம் நாள் தம்பி தங்கையோடு திரும்பி வரும். இப்படி நாலு மாதம். காசு அளவில் இருந்தது தட்டு அளவாகி, வயிற்றைச் சுற்றி ஆந்திர எல்லையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் திருப்பதி டாக்டரம்மாவிடம் போனேன்.

அவர் க்ரீம் ட்யூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜை ஓரமாகத் தள்ளி வைத்தார். செத்த எலியைத் தள்ளுகிற மாதிரி.

“இதுல ஸ்டீராய்ட் கலந்திருக்கு சார். அரிப்பை அடக்கிட்டு பூஞ்சையை வளர்த்துவிடும். தெரியுமா?”

தெரிந்தால் நாலு மாதம் பாலூற்றி வளர்த்திருப்பேனா?

க்ரீம் மட்டும் போதாது, உள்ளுக்கே மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். இட்ராகொனசோல் என்று கேப்ஸ்யூல். அதற்கு முன்னால் லிவர் சரியாக இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை. நன்றாகச் சாப்பிட்ட உடனே போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உடம்பில் சேராது. அரிப்பு நின்றவுடன் நிறுத்தக் கூடாது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வர வேண்டும். இடையில் புதிதாக எந்த மருந்து சேர்த்தாலும் கேட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தவர் கேட்டார்.

“இப்ப வேற ஏதைனா மருந்து போட்டுக்கினு இருக்கீங்களா? டாக்டர் எழுதிக் குடுத்தது, கடையில வாங்கினது, நாட்டு மருந்து?”

“ஒண்ணுமே இல்லம்மா.”

பொய்யில்லை, நம்புங்கள். அந்த நிமிடம் என் மனசாட்சி வெண்ணெய் மாதிரி இருந்தது. அவர் சொன்ன மூன்று கட்டத்திலும் என் மனசுக்கு எதுவும் அகப்படவில்லை. பையன் அனுப்பியது என்று அவர் ஒரு கட்டம் வைக்கவே இல்லையே!

லிவர் டெஸ்ட் நல்லபடியாக வந்தது. கேப்ஸ்யூலை ஆரம்பித்தேன். அதோடு விட்டிருக்கலாம். அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தேன்… பிரித்தேன்… பிரித்துக்கொண்டே போனேன். எங்கள் வீட்டு ஜமுக்காளம் அளவுக்கு வந்தது. எறும்பு எழுதின மாதிரி எழுத்து. பூதக் கண்ணாடி வைத்துப் படித்ததில் என் கண் முதலில் விழுந்தது லிவர் என்ற சொல்லில். அங்கேயே நின்றுவிட்டேன். அதற்குக் கீழே வேறு எந்தெந்த மாத்திரைகளோடு சேர்த்துப் போடக் கூடாது என்று ஒரு நீளமான பட்டியல் இருந்தது. அதைப் படிக்கவில்லை. பயந்தவன் எதற்குப் பட்டியல் படிக்கப் போகிறான்?

அன்றிலிருந்து எனக்கு மணிக்கொரு தரம் கண்ணாடி. கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஸ்டாண்டில் சாயங்காலமானால் மஞ்சள் விளக்கு போடுவார்கள் — அந்த வெளிச்சத்தில் எனக்கு மட்டுமில்லை, அங்கே நிற்கிற மாட்டுக்குக் கூட காமாலை. முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, “கண்ணு மஞ்சளா கீதா பாருடா” என்பேன். அவன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “கண்ணு வெள்ளையாதான் கீது. உள்ள மூளைதான் தெரியல” என்று சொல்லிவிட்டு விசில் ஊதிப் போவான்.

வீட்டில் சாம்பாருக்கு மஞ்சள்தூள் போடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். கைவிரல் மஞ்சளானால் அது சாம்பாரா லிவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

“இன்னாய்யா இது, கருமாதி சாம்பார் மாதிரி கீது. நீயே துன்னு” என்றாள் சரோஜா. எனக்குத் தனியாக வைத்துவிட்டு அவள் மஞ்சளாகச் சாப்பிட்டாள்.

லிவரைக் காப்பாற்ற கீழாநெல்லியும் அரைத்துக் குடித்தேன். புது மருந்து சேர்த்தால் கேட்டுவிட்டுச் சேர் என்றாரே? கீழாநெல்லி மருந்தா? செடி!

போதாக்குறைக்கு ஒரு வேண்டுதல். லிவருக்கு ஒன்றும் ஆகாவிட்டால் அலிபிரி அடிவாரத்திலிருந்து நடந்தே திருமலை ஏறுகிறேன் என்று. பாதி மாத்திரைகள் முடிந்தபோது பயம் தாங்காமல் நானாகவே ஒரு லேபில் போய் மறுபடி லிவர் டெஸ்ட் எடுத்தேன். அதுவும் நார்மல். அரிப்பும் முக்கால்வாசி போய்விட்டது. அடுத்த வாரமே சரோஜாவைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படி. கடைசியில் வரும் அந்த முழங்கால் முறிச்சான் ஏற்றத்தில் அவள் முன்னால் போய் நின்று, “வரியா, இல்ல ஆள் வெச்சித் தூக்கணுமா?” என்றாள். கெத்தாக ஏறி முடித்தேன். பெருமாளையும் பார்த்தேன். ‘லிவர் பத்திரம்’ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் தொடை, கெண்டைக்கால் எல்லாம் வலி.

இதில் அதிசயம் என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்தில் மலை ஏறி இறங்கினவனைப் பார்த்தாலே தெரியும். மூன்று நாளைக்குக் காலை அகட்டி வைத்து வாத்து மாதிரி நடப்பான். அவனைப் பார்க்கிறவர்கள் இரக்கப்பட மாட்டார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் வாத்து நடை நடந்தேன். டிப்போவில் மரியாதை கூடியது.

மூன்று நாள் ஆயிற்று. ஐந்து நாள் ஆயிற்று. வாத்து குணமாகவில்லை. பஸ் படியில் ஏற, முனிரத்தினம் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. நான் கவலைப்பட்டேனா? இல்லையே! கண்தான் வெள்ளையாக இருக்கிறதே. சிறுநீர் கொஞ்சம் கறுப்பாகப் போனது. டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்ததா? வந்தது. ஆனால் லிவர் டெஸ்ட்தான் இரண்டு தடவை நார்மலாயிற்றே, வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்றுமில்லாததற்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தவன், அதை மட்டும் எட்டிக்கூடப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் அந்த எட்டாம் நாள், திங்கட்கிழமை. சீப்பு. கை.

“சரோ, கை தூக்க முடியல. மலை ஏறினது இன்னும் விடல பாரு” என்றேன்.

அவள் அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தாள். கையில் கரண்டி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“மலை ஏறினது காலு. கைக்கு இன்னாத்துக்கு வலி? நீ கையால ஏறினியா?”

தூக்க முடியாத கையை நானே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

“நானுந்தான் ஏறினேன். எனக்கு ரெண்டா நாளே சரியாப் போச்சு. உனக்கு மட்டும் எட்டு நாளா நோவு ஏறிக்கினே போதா? ஒண்ணுக்கு இன்னா கலர்ல போவுது?”

முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. “டிகாக்‌ஷன் மாதிரி” என்றேன்.

“ஸ்ட்ராங்கா, லைட்டா?”

“…ஸ்ட்ராங்.”

அவ்வளவுதான். கேஸை அணைத்தாள். ஒரு மஞ்சள் பையை எடுத்து, நான் வாயில் போட்டுக்கொள்ளும் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டாள். கேப்ஸ்யூல் அட்டை, கீழாநெல்லி பாட்டில், எப்போதோ வாங்கிய சூரணம், பழைய இருமல் டானிக், பாதாம் டப்பா உள்பட. “பாதாம் எதுக்குடி?” என்றால், “நீ பேசாத” என்றாள். பஸ்ஸில் ஏற்றினாள். புத்தலப்பட்டு தாண்டும் வரைக்கும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. எனக்கு அப்போதுதான் நிஜமான பயம் வந்திருந்தது. அது வந்தால் ஜோக் வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

டாக்டரம்மாவின் மேஜையில் சரோஜா பையைக் கவிழ்த்தாள். சந்தைக் கடை மாதிரி ஆகிவிட்டது. அவர் ஒவ்வொன்றாக நகர்த்தினார். கீழாநெல்லியைப் பார்த்து ஒரு பெருமூச்சு. பாதாமைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஆரஞ்சு டப்பாவை எடுத்தார். லேபிளைப் படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“இது எத்தனை நாளா?”

“ஒரு வருஷமா, தெனம் ராத்திரி…”

“அன்னிக்கி கேட்டேனே சார்! வேற மருந்து உண்டான்னு! செப்பாலி கதா, சொல்ல வேணாமா!”

“மருந்து இல்லம்மா அது. அமெரிக்காவுல இருந்து பையன் அனுப்பினது.”

டாக்டரம்மா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“அமெரிக்காவுல டாக்டருங்க மாத்திரைக்குப் பதிலா மிட்டாயா சார் குடுக்கறாங்க?”

பிறகு நிதானமாகச் சொன்னார். டப்பாவில் இருப்பது சிம்வாஸ்டாட்டின், கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை. வழக்கமாக அதை லிவர் உடைத்து வெளியே தள்ளிவிடும். இந்த பூஞ்சைக் கேப்ஸ்யூல் அந்த உடைக்கிற வேலையைத் தடுக்கும். ஆக, நான் தினம் விழுங்கிய ஒரு மாத்திரை, உடம்புக்குள் பல மாத்திரையாகத் தேங்கி நின்றிருக்கிறது. அளவு மீறினால் அது தசையை உடைக்கும். மலை ஏறியது சேர்ந்துகொண்டதில் இன்னும் வேகம். உடைந்த தசையின் கழிவு கிட்னியில் போய் அடைக்கும். அதுதான் அந்த டிகாக்‌ஷன்.

“ரெண்டையும் சேர்த்து எழுதவே மாட்டோம் சார். நீங்க சொல்லியிருந்தா அன்னிக்கே வேற வழி பார்த்திருப்பேன்.”

“கிட்னி…?” என்றாள் சரோஜா. அவள் குரல் அவ்வளவு சின்னதாக இருந்து நான் கேட்டதில்லை.

“ரத்தம் எடுக்கறேம்மா. இப்பவே அட்மிட் பண்ணிடலாம். நிறைய சலைன் ஏத்தணும். நிக்காம சிறுநீர் போகணும். கலர் மாறுதான்னு பாத்துக்கினே இருங்க.”

இரண்டு மருந்துகளும் அந்த நிமிடமே நிறுத்தம். பக்கத்து ஆஸ்பத்திரியில் படுத்தேன். இரண்டு கையிலும் ஊசி. தசை உடைந்ததைக் காட்டுகிற அளவு எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. கிட்னி வேலை செய்வதைக் காட்டுகிற அளவு எல்லைக் கோட்டில் நின்றது. அந்தப் பக்கம் விழுமா இந்தப் பக்கம் விழுமா என்று நாளைக்குத்தான் தெரியும் என்றார்கள். லிவர்? அதையும் கேட்டேன். தங்கமாக இருக்கிறதாம்.

சாயங்காலம் சுதாகர் போன் செய்தான். அங்கே விடிந்திருந்தது.

“நைனா, ஆஸ்பத்திரில டேப்லெட் பத்தி கேட்டா சொல்லணும்னு தெரியாதா நைனா?”

“நீ குடுத்ததுடா. மருந்துன்னு தோணல.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினான். ஜலதோஷமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கிறவனுக்கு யோசனைதானே தொழில்? யோசித்தேன். நம்மில் எத்தனை பேர் வீட்டில் இப்படி டப்பாக்கள் இருக்கும்? குவைத்திலிருந்து மச்சான் கொண்டுவந்தது, சிங்கப்பூரிலிருந்து மகள் அனுப்பியது, பெங்களூரிலிருந்து மருமகன் வாங்கி வந்தது… அதையெல்லாம் நாம் பிரியம் என்ற கணக்கில் சேர்த்துவிடுகிறோம். வயிற்றுக்குள் போனால் அது வெறும் மாத்திரைதான். யார் கொடுத்தார்கள் என்று லிவர் பார்க்காது. டாக்டர் கேட்டால் பெயர் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை, சரோஜா மாதிரி டப்பாவோடு கொட்டிவிடுங்கள். பாதாமையும் சேர்த்தே.

இன்னொன்று. பயம் எனக்கு நிறைய இருந்தது. அதில் குறை இல்லை. லிவருக்கென்று மொத்தத்தையும் செலவு செய்துவிட்டேன். வேண்டிய இடத்தில் வேண்டியபோது கையில் ஒரு துளி பயம் மிச்சமில்லை. சிறுநீர் கறுத்த முதல் நாளே ஓடியிருந்தால் ஊசியில்லாமலே தப்பித்திருப்பேனோ என்னவோ. இனிமேல் பூஞ்சைக்கு என்ன வைத்தியம் என்று கேட்டேன். உடம்பு தேறட்டும், மிச்சமிருப்பதற்கு ஸ்டீராய்ட் இல்லாத க்ரீம், இடுப்பை ஈரமில்லாமல் வைத்துக்கொள், தளர்ச்சியான பருத்தி உடுத்து என்றார் டாக்டரம்மா. கொழுப்பு மாத்திரையை எப்போது, எதைத் திரும்ப ஆரம்பிப்பது என்பதைத் தானே பார்த்துச் சொல்வதாகவும் சொன்னார். மிச்சக் கேப்ஸ்யூலை “எனக்குக் குடுண்ணா, எனக்கும் தொடையில லேசா அரிக்குது” என்று பார்க்க வந்த இடத்தில் முனிரத்தினம் கேட்டான். சரோஜா பார்த்த பார்வையில் அவனுக்கு அரிப்பு அங்கேயே போய்விட்டது.

இரண்டாம் நாள் காலை நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்து, இதில் பிடித்துக் கொடுங்கள் என்றார். பிடித்தேன். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சரோஜாவிடம் நீட்டினேன். அவள் அதை ஜன்னலோரம் கொண்டுபோய், வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இன்னா கலர்?” என்றேன்.

“தண்ணி மாதிரி கீதுய்யா.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் பேசியதிலேயே பெரிய காதல் வசனம் அதுதான்.